பற்றாக்குறையைப் பங்கிடுதல்: எரிசக்திப் பாதுகாப்பும் இடர்காலத் திட்டமிடலும் பற்றிய ஒரு நோக்கு

அரசாங்கத்தின் பணிகளுள் மக்கள் கண்ணுக்கு மிகக் குறைவாகப் புலப்படுவனவற்றுள் ஒன்று, எரிசக்தி வழங்கல் தடைப்படும் நாளுக்காகத் திட்டமிடுதலாகும். எரிபொருள் நிலையத்தில் எண்ணெய் இருக்கும்வரை, ஆளியை அழுத்தியதும் விளக்கு எரியும்வரை, இப்பணியில் ஈடுபட்டோரை எவரும் நினைப்பதில்லை. வழங்கல் நின்றதும் அவர்களைக் குற்றஞ்சாட்டாதவரும் இலர். இவ்விரு நிலைகளுக்கும் இடையில், அப்பணி உண்மையில் யாது, அது எவ்வாறு நடைபெறுகின்றது, அதன் முடிவுகள் யாருடைய வாழ்வைத் தொடுகின்றன என்னும் வினாக்கள் ஆராயப்படாது போகின்றன. அவற்றைத் தெளிவுபடுத்த முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எரிசக்திப் பாதுகாப்பு என்பதற்குப் பொதுவாகக் கூறப்படும் வரைவிலக்கணம் எளிமையானது. ஒரு நாட்டுக்குத் தேவையான எரிசக்தி, தடையின்றியும் தாங்கக்கூடிய விலையிலும் கிடைத்தல் வேண்டும் என்பதே அது. இவ்வரைவிலக்கணத்தில் ஒரு குறையுண்டு. ‘நாடு’ என்பது அதில் ஒரே உடலாகக் கருதப்படுகின்றது. பற்றாக்குறை ஏற்படும்போது நாடு ஒரே உடலாக அதனை அனுபவிப்பதில்லை. சொந்த மின்பிறப்பாக்கி உடையவனும், போத்தல் விளக்குக்கு அரை லீற்றர் மண்ணெண்ணெய் தேடுபவளும் ஒரே நெருக்கடியினுள் இருவேறு வாழ்க்கைகளை வாழ்கின்றனர். ஆதலால் ‘எவ்வளவு உண்டு?’ என்னும் வினாவோடு ‘யாருக்கு உண்டு?’ என்னும் வினாவையும் சேர்த்தே இப்பொருளை நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து.

1. வரலாற்றுப் பின்னணி

எரிபொருட் பற்றாக்குறைக்கு அரசாங்கங்கள் திட்டமிடும் வழக்கம் இரு உலகப் போர்களின் காலத்திலேயே தோன்றியதாயினும், சமாதான காலத்தில் அது நிரந்தரமான நிருவாகத் துறையாக வளர்ச்சி பெற்றது 1973 இன் பின்னரேயாகும். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் அரபு எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் உற்பத்தியைக் குறைத்தும், இஸ்ரேலுக்குத் துணைநின்ற நாடுகளுக்கு ஏற்றுமதியைத் தடைசெய்தும் முடிவெடுத்தன. பீப்பா ஒன்று ஏறக்குறைய 3 டொலராக இருந்த எண்ணெயின் விலை, 1974 ஜனவரியில் 12 டொலரை அண்மியது. மலிவான எண்ணெயின்மீது தம் கைத்தொழிலைக் கட்டியெழுப்பியிருந்த மேற்கு நாடுகள் அதுவரை கேளாத வினாவொன்றைக் கேட்கத் தொடங்கின: கப்பல் வராவிடின் எத்தனை நாட்களுக்குத் தாங்குவோம்?

அவ்வினாவுக்கு விடையாகவே 1974 நவம்பரில் பாரிஸ் நகரைத் தளமாகக் கொண்டு சர்வதேச எரிசக்தி முகவரகம் அமைக்கப்பட்டது. அதன் உறுப்பு நாடுகள் தமது தேறிய இறக்குமதியின் 90 நாட் தேவைக்குக் குறையாத எண்ணெயை இருப்பில் வைத்திருத்தல் வேண்டும் என்னும் விதி உருவாயிற்று. ஐக்கிய அமெரிக்கா 1975 இற் சட்டமியற்றி, ரெக்சாஸ், லூசியானா மாநிலங்களின் நிலத்தடி உப்புக் குகைகளில் எண்ணெயைச் சேமிக்கத் தொடங்கியது. இவ்வாறு சேர்க்கப்பட்ட இருப்புகளிலிருந்து 1991, 2005, 2011, 2022 ஆகிய ஆண்டுகளில் உறுப்பு நாடுகள் கூட்டாக எண்ணெயை வெளியிட்டுச் சந்தையைத் தணிக்க முயன்றன.

இவ்விடத்தில் ஓர் உண்மை மனங்கொளத்தக்கது. 90 நாள் இருப்பு என்பது செல்வந்த நாடுகளின் ஏற்பாடு. தாங்கியில் உறங்கும் எண்ணெய் முடக்கப்பட்ட மூலதனமாகும். அதனை முடக்கி வைக்கும் வலிமை எல்லா நாடுகளுக்கும் இல்லை. 1973-74 காலப்பகுதியில் எண்ணெயும் தானியமும் ஒருசேர விலையேறியபோது, இலங்கையில் அதன் கடுமையான தாக்கம் கொழும்பு நகரின் வாகனங்களில் அன்றி, மலையகத் தோட்டங்களின் அடுப்புகளிலேயே உணரப்பட்டது. பங்கீட்டு உணவு குறைந்து, வேலை நாட்களும் குறைந்த தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. உலகச் சந்தையின் அதிர்ச்சி சமூகத்தின் அடிமட்டத்தில் வந்து நிலைகொள்ளும் விதத்துக்கு இது ஒரு தெளிவான சான்று.

திட்டமிடல் வர்க்க உறவுகளுக்கு அப்பாற்பட்டதன்று என்பதையும் அக்காலம் காட்டிற்று. பிரித்தானியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மேலதிக நேர வேலையை மறுத்தபோது, கன்சர்வேட்டிவ் அரசாங்கம் 1974 ஜனவரி முதல் கைத்தொழில்களும் வணிக நிலையங்களும் வாரத்தில் மூன்று நாட்களுக்கு மட்டுமே மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் எனக் கட்டளையிட்டது. மருத்துவமனை போன்றவை விலக்கப்பட்டன. நிருவாக அளவில் அத்திட்டம் திறம்பட இயங்கியது எனலாம். எனினும் பெப்ரவரி மாத இறுதியில் நடந்த தேர்தலில் அவ்வரசாங்கம் பதவியிழந்தது. பற்றாக்குறையின் காரணத்தைப் பற்றி மக்களும் அரசாங்கமும் ஒரே கருத்தைக் கொண்டிராதபோது, எத்துணைச் சிறந்த ஏற்பாடும் அரசியற் பிணக்காகவே முடியும்.

2. இருப்பை எண்ணுதல்

திட்டமிடும் உத்தியோகத்தரின் முதற் பணி எண்ணுதலாகும். நாட்டிலுள்ள எரிபொருளின் அளவை நாளாந்த நுகர்வால் வகுத்தால் ‘இருப்பு நாட்கள்’ கிடைக்கும். கணக்கு எளிதாயினும் அதன் உட்கிடை எளிதன்று. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 5,000 தொன் டீசலை நுகரும் நாடொன்றில் 1,00,000 தொன் இருப்பதாகக் கொள்வோம். ஏட்டுக் கணக்கில் இது 20 நாள் இருப்பாகும். ஆயின் அதில் 10,000 தொன் தாங்கிகளின் அடியில் தங்குவது. குழாயால் இழுக்க இயலாதது. 15,000 தொன் படையினருக்கும் மின்நிலையங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. 25,000 தொன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலில் உள்ளது. அதற்குரிய பணம் செலுத்தப்படவில்லை. எஞ்சிய 50,000 தொன் 10 நாட்களுக்கே போதுமானது. தட்டுப்பாடு வரப்போகின்றது என்னும் செய்தி பரவி, மக்கள் வழமையிலும் இருமடங்காக வாங்கத் தொடங்கின், அது 5 நாட்களாகச் சுருங்கிவிடும். ஒரே தாங்கிகளைப் பார்த்து அமைச்சர் 20 நாள் என்பதும், நிரப்பு நிலையத்தின் முன் நிற்பவர் 5 நாள் என்பதும் இவ்வாறே நிகழ்கின்றன.

மேற்கூறிய எடுத்துக்காட்டிலுள்ள கப்பல் வெறும் கற்பனையன்று. 2022 இல் இலங்கைக்கு வந்த எரிபொருட் கப்பல்கள் டொலர் இன்மையாற் கடலிற் காத்துக்கிடந்ததை நாம் அறிவோம். அந்நெருக்கடியின் படிமுறை கவனிக்கத்தக்கது. 2021 நவம்பரில் மசகெண்ணெய் வாங்க வழியின்றிச் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. 2022 பெப்ரவரியில் எரிபொருளுக்கென இந்தியாவிடமிருந்து 50 கோடி டொலர் கடன் வசதி பெறப்பட்டது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாயிற்று. ஏப்பிரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது. யூன் 27 ஆம் திகதி, அத்தியாவசியச் சேவைகள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

இப்படிமுறையிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? இறக்குமதியிலே தங்கியுள்ள நாட்டின் உண்மையான எரிபொருட் தாங்கி அதன் மத்திய வங்கியிலேயே உள்ளது. சுத்திகரிப்பு நிலையத்தின் கதவு மூடப்பட்ட 2021 நவம்பருக்கும், விற்பனை நிறுத்தப்பட்ட 2022 யூனுக்கும் இடையில் ஏழு மாதங்கள் இருந்தன. நிலநடுக்கம்போல இந்நெருக்கடி திடீரென வந்ததன்று. அந்நியச் செலாவணியை எண்ணுவோரும் எண்ணெயை எண்ணுவோரும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்த அளவில் எச்சரிக்கை விடுப்பது, எந்த அளவிற் பங்கீட்டைத் தொடங்குவது என்பதை முன்கூட்டியே வரையறுத்திருப்பின், வரிசைகள் நீளுமுன்னரே பங்கீடு தொடங்கியிருக்கும். தேசிய எரிபொருள் அனுமதி முறை யூலையிலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வரிசையிற் காத்திருந்த முதியோர் சிலர் உயிரிழந்திருந்தனர். ஏப்பிரல் 19 ஆம் திகதி றம்புக்கணையில் எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராகத் திரண்டோர்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் கொல்லப்பட்டார். பிந்திய திட்டமிடலின் விலையை இவ்வாறு மக்களே செலுத்தினர்.

3. ஒற்றைக் கண்ணிகள்

சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே. எந்த ஓர் இடம் பழுதுற்றால் முழு அமைப்பும் நின்றுவிடுமோ, அவ்விடத்தைக் கண்டறிதல் திட்டமிடலின் இரண்டாவது பணி. இலங்கையின் எண்ணெய்த் துறையில் இத்தகைய கண்ணிகள் பல ஒரே பிரதேசத்திற் குவிந்துள்ளன. கொழும்புத் துறைமுகம், சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம், கொலன்னாவை, முத்துராஜவெல களஞ்சியங்கள் ஆகிய யாவும் மேல் மாகாணத்தினுள் அமைந்தவை. 1995 ஒக்டோபரிற் கொலன்னாவைப் பகுதித் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்தபோது இக்குவிவின் ஆபத்து வெளிப்பட்டது. அதேவேளையில், இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பிரித்தானியர் திருகோணமலையில் அமைத்த, இன்று 99 எனக் கணக்கிடப்படும் தாங்கிகளுட் பெரும்பாலானவை பல தசாப்தங்களாகப் பயன்படாது காட்டினுள் நின்றன. 2022 ஜனவரியில் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி அவற்றுள் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 61 இருவரும் பங்குகொள்ளும் கம்பனிக்கும் எனப் பிரிக்கப்பட்டன. தாங்கிகள் யாருடையவை என்னும் விவாதம் பேரளவில் நடந்தது. அவற்றை நாட்டின் இடர்கால இருப்பாகக் கொள்ளலாமா என்னும் விவாதம் அத்துணை நடைபெறவில்லை.

மின்துறையிலும் நிலைமை ஒத்ததே. முன்னர் ஏறக்குறைய முழுவதும் நீர்மின்னையே நம்பியிருந்த நாடு, 1996 இன் வரட்சியில் நீண்ட மின்வெட்டுக்கு உள்ளாயிற்று. அதன் பின்னர் அனல்மின்னை நோக்கிய நகர்வு, 2011 முதல் 2014 வரையிற் கட்டங் கட்டமாக நிறைவெய்திய நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் முடிந்தது. ஒவ்வொன்றும் 300 மெகாவாற் வலுவுடைய மூன்று அலகுகள் அங்கு ஒரே தலத்தில் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கடல் கொந்தளிப்பதால் அங்கு நிலக்கரியை இறக்க இயலாது. ஆதலின் ஏறக்குறைய ஒக்டோபர் முதல் ஏப்பிரல் வரையுள்ள காலத்திலேயே ஆண்டு முழுவதற்குமான நிலக்கரி வந்து சேர்தல் வேண்டும். ஒரு கேள்விப்பத்திரம் சில வாரம் தாமதித்தாலும் அதன் விளைவு அடுத்த பருவக்காற்றுக் காலத்தில் தெரியவரும். அந்நியப் பொருளை நம்புவதிலிருந்து மழையை நம்புவதற்கோ, மழையிலிருந்து அந்நியப் பொருளுக்கோ மாறுதல் பாதுகாப்பாகாது. பலவகை மூலங்கள் ஒன்றையொன்று தாங்கும் அமைப்பே பாதுகாப்பாகும்.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணமெனக் கூறப்பட்டமை பலரின் நகைப்புக்கு இடமாயிற்று. நகைப்புக்கு அப்பால் ஓர் அறிவியல் வினா உண்டு. ஓர் உபநிலையத்தின் பழுது ஏன் நாடு முழுவதும் பரவியது? மின்வலையமைப்பில் உற்பத்தியும் நுகர்வும் கணத்துக்குக் கணம் சமமாக இருத்தல் வேண்டும். அச்சமநிலையின் அளவுகோல் அதிர்வெண். இலங்கையில் அது செக்கனுக்கு 50 சுற்று. பாரிய சுழலிகள் பல இயங்கும்போது, ஏதேனும் ஓர் அலகு திடீரென விலகினும், சுழலும் பொருளின் சடத்துவம் அதிர்வெண் உடனே வீழாது தடுக்கும். ஞாயிறு நண்பகலில் நுகர்வு குறைவு. கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்னோ அதிகம். சூரியப் படலங்களிற் சுழலும் பொருள் எதுவும் இல்லாமையால் வலையமைப்பின் சடத்துவம் குறைந்திருந்தது. சூரிய மின்னைக் கைவிடுதல் இதற்குத் தீர்வாகாது. மின்கலச் சேமிப்பையும், வலையமைப்புக்குச் சடத்துவம் வழங்கும் ஏற்பாடுகளையும் சூரியப் படலங்களோடு சமகாலத்தில் நிறுவுதலே தீர்வாகும்.

ஒரு துறையின் கண்ணி மற்றொரு துறையில் மறைந்திருத்தலும் உண்டு. 2021 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியபோது, உறைந்துபோன மின்நிலையங்கள் பல நின்றன. அதிர்வெண் வீழ்ந்து, வலையமைப்பு முற்றாகச் சரிவதற்குச் சில நிமிடங்களே எஞ்சியிருந்த நிலையில், 20,000 மெகாவாற் அளவுக்கு நுகர்வோரின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அத்துண்டிப்பில் மின்நிலையங்களுக்கு இயற்கை வாயுவை வழங்கும் கிணறுகளும் அமுக்கி நிலையங்களும் அடங்கிவிட்டன. அவற்றுட் பல ‘முக்கிய நுகர்வோர்’ பட்டியலிற் பதியப்பட்டிருக்கவில்லை. மின்சாரம் இன்மையால் வாயு நின்றது. வாயு இன்மையால் மின்சாரம் மேலும் குறைந்தது. அம்மாநில அரசின் கணக்கின்படியே 246 பேர் உயிரிழந்தனர். உலகின் மிகப் பெரும் எரிசக்தி உற்பத்திப் பிரதேசங்களுள் ஒன்றில், ஒரு பட்டியலிற் பெயர்கள் விடுபட்டமையும் இவ்வழிவுக்கு ஒரு காரணமாயிற்று.

4. முன்னுரிமைப் பட்டியல்

ரெக்சாஸின் அனுபவம் எம்மை மூன்றாவது பணிக்கு இட்டுச் செல்கின்றது. யாருக்கு முதலில், யாருக்கு இறுதியில் என்னும் பட்டியலைத் தயாரித்தலே அது. தொழினுட்ப ஆவணம்போலத் தோன்றும் இப்பட்டியலே, எமது நோக்கில், திட்டமிடல் முழுவதினும் மிக ஆழ்ந்த அரசியல் ஆவணமாகும்.

மின்வெட்டு வீடுவீடாகச் செய்யப்படுவதன்று. உபநிலையத்திலிருந்து புறப்படும் மின்னூட்டிக் கம்பிவழிகளே துண்டிக்கப்படுகின்றன. பெரிய மருத்துவமனையோ நீர்வழங்கல் நிலையமோ உள்ள கம்பிவழி விலக்களிக்கப்படும். அவ்வழியில் உள்ள ஏனைய வீடுகளும் கடைகளும் அவ்விலக்கின் பயனைத் தாமாகவே பெறும். முக்கிய நிறுவனங்கள் நகரங்களிலேயே குவிந்திருத்தலால், யாரும் தீய எண்ணங் கொள்ளாமலே, மின்வெட்டின் சுமை கிராமங்களை நோக்கிச் சாய்கின்றது. வீட்டிற் செயற்கைச் சுவாசக் கருவியோடு படுத்திருக்கும் நோயாளியும், ‘இன்சுலின்’ மருந்தைக் குளிரில் வைத்திருக்கவேண்டிய குடும்பமும் எந்தக் கம்பிவழியில் உள்ளனர் என்பது பட்டியலில் இல்லையேல், அவர்கள் திட்டத்தின் கண்ணில் இல்லாதவரே.

‘அத்தியாவசியச் சேவை’ என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. 2022 யூன் அறிவித்தலிற் சுகாதாரம், பாதுகாப்பு, மின்சாரம், துறைமுகம், உணவு விநியோகம், விவசாயம் போன்றவை இடம்பெற்றன. சேவையைப் பெயரிட்டு உரைத்தல் எளிது. அச்சேவை எத்தகைய மனிதரால் நடைபெறுகின்றது என்பதே கடினமான வினா. மருத்துவமனை என்பது மருத்துவரும் நோயாளர் காவுவண்டியும் மாத்திரமன்று. பதினைந்து கிலோமீற்றர் தொலைவிலிருந்து துவிச்சக்கர வண்டியில் வரும் தாதியும், சமையற்கூடத் தொழிலாளியும், துப்புரவுத் தொழிலாளியும் சேர்ந்ததே மருத்துவமனை. அத்தியாவசியம் என்பதை நிறுவனத்தின் பெயரால் அன்றித் தொழிலாளரின் பயணத்தால் அளக்கும் திட்டமே பயன் தரும்.

சட்டத்திலும் இதே குறையைக் காணலாம். 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம், ஒரு சேவை அத்தியாவசியமெனப் பிரகடனப்படுத்தப்பட்டபின் அதில் வேலைக்கு வராதிருத்தலைக் குற்றமாக்குகின்றது. வேலைநிறுத்தங்களை எதிர்கொள்ளும் கருவியாக அது பலமுறை பயன்பட்டுள்ளது. அச்சட்டம் தொழிலாளியைக் கடமையாற் கட்டுகின்றது. ஆனால் குடிமகனுக்கு அச்சேவையின்மீது எந்த உரிமையையும் வழங்கவில்லை. உழைப்பு அத்தியாவசியமாயின், அவ்வுழைப்பின் பயனை மக்கள் பெறுதலும் அத்தியாவசியமாதல் வேண்டும்.

5. பங்கீட்டு அலகு

பற்றாக்குறையைப் பங்கிட வழிகள் சிலவே உண்டு. விலையை உயர்த்தி இயலாதவரை விலக்குதல் ஒன்று. முந்தி வந்தவருக்கு வழங்கி ஏனையோரை வரிசையில் நிறுத்துதல் மற்றொன்று. யாவருக்கும் அளவு குறித்து வழங்குதல் மூன்றாவது. முதல் வழியிற் பணமும், இரண்டாவது வழியில் நேரமும் நாணயமாகின்றன. நாட்கூலி பெறுபவருக்குப் பணமும் இல்லை. வரிசையில் நிற்கும் நாளுக்குக் கூலியும் இல்லை. ஆகவே பங்கீடே ஒப்பீட்டளவில் நீதியானது.

இலங்கைக்குப் பங்கீடு புதியதன்று. 1942 இல், போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு கூப்பன் புத்தகத்தையும் கூட்டுறவுச் சங்கக் கடையையும் நாட்டின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் கொண்டு சென்றது. 1979 இல் அது முத்திரை முறையாக மாற்றப்பட்டபோது மண்ணெண்ணெய்க்கும் முத்திரை வழங்கப்பட்டது. அரிசிப் பங்கீட்டின் அலகு மனிதன். உண்பவர் எவரோ அவருக்குப் பங்கு உண்டு.

2022 யூலையில் வந்த தேசிய எரிபொருள் அனுமதி முறை, கைத்தொலைபேசியிற் காட்டப்படும் குறியீட்டின் மூலம் வாராந்த அளவை நிருவகித்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், காருக்கு 20 லீற்றரும் என வரையறுக்கப்பட்டது. வரிசைகள் விரைவிற் குறைந்தன. 2023 செப்டெம்பர் முதலாந் திகதி அம்முறை நீக்கப்பட்டது. அதன் நிருவாக வெற்றியை மறுப்பதற்கில்லை. எனினும் அதன் பங்கீட்டு அலகு வாகனம் என்பதை மறத்தலாகாது. முச்சக்கர வண்டி ஒருவரின் முழு வருவாய். கார் பெரும்பாலும் ஒருவரின் வசதி. முன்னதற்கு 5, பின்னதற்கு 20 என்னும் அளவுகள் இயந்திரத்தின் பசியைக் கணித்தன. வயிற்றின் பசியைக் கணிக்கவில்லை. வாகனம் இல்லாதவருக்கு அக்கணக்கில் இடமே இல்லை.

வாகனம் இல்லாதவரின் எரிபொருள் மண்ணெண்ணெய். வடக்கிலும் கிழக்கிலும் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் அதிலேயே ஓடுகின்றன. மலையக லயன்களில் மின்னிணைப்பு இல்லாத அறைகளுக்கு அதுவே விளக்கு. மசகெண்ணெயை வடித்திறக்கும்போது மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும் ஏறக்குறைய ஒரே கூறிலிருந்து பெறப்படுகின்றன. எனவே சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டபோது உள்நாட்டு மண்ணெண்ணெயும் நின்றது. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. மானியவிலை கலப்படத்துக்கும் கூட்டுத்தாபனத்தின் நட்டத்துக்கும் வழிவகுத்தது என்பது உண்மையே. ஆயினும், காருக்கு அளவு குறித்து வழங்கிய அதே அரசாங்கம், கடற்றொழிலாளருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் அளவு குறித்து வழங்கும் வழியை முதலில் அமைத்துப் பின்னர் விலையைத் தொட்டிருக்கலாம். ஒரு சாராருக்குப் பங்கீடு, மறுசாராருக்குச் சந்தை விலை என்னும் இவ்வேறுபாடு தற்செயலானதன்று. யாருடைய குரல் அமைச்சுக்குக் கேட்கின்றதோ அவர்களுக்கே திட்டம் முதலில் எழுதப்படுகின்றது.

6. வடபுலத்தின் அனுபவம்

இலங்கையின் எரிசக்தி வரலாற்றை எழுதுவோர் 2022 ஐ முன்னொருபோதும் நிகழாத நெருக்கடி எனக் குறிப்பிடுவதுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு இக்கூற்றுப் பொருந்தாது. 1990 முதல் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. எரிபொருள், மின்கலம், உரம் ஆகியன தடைப்பொருள்களாயின. ஆண்டுகள் பலவாக மக்கள் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சிறிதளவு பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட்டினர். கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயரழுத்த மின்வழி அமைக்கப்பட்டு, குடாநாடு தேசிய வலையமைப்போடு மீண்டும் இணைந்தது 2013 இலேயாம்.

அக்காலத்தை மக்களின் கண்டுபிடிப்புத் திறனுக்குப் புகழ்மாலையாக மட்டும் நினைவுகூர்தல் போதாது. அங்கு நிகழ்ந்தது கொள்கையால் உண்டாக்கப்பட்ட பற்றாக்குறை. எரிசக்தியை வழங்கும் அதிகாரம் எவரிடம் உளதோ, அதனை மறுக்கும் அதிகாரமும் அவரிடமே உண்டு என்பதை அது உணர்த்துகின்றது. அதிகாரம் தலைநகரிலேயே குவிந்திருக்கும் அமைப்பில், ஒரு பிரதேசத்தின் குடிமக்களுக்கு எரிசக்தி ஓர் உரிமையாக அன்றி அனுமதியாகவே கிடைக்கும். எந்தக் காரணத்தாலும் மறுக்கப்படலாகாத அடிப்படை அளவொன்று, அதாவது மருந்தைக் குளிரில் வைக்கவும், நீரை இறைக்கவும், உணவைச் சமைக்கவும், பிள்ளை படிக்கவும் போதுமான அளவு, சட்டத்தில் வரையறுக்கப்படல் வேண்டும் எனும் கோரிக்கைக்கு இவ்வனுபவமே வலுவான ஆதாரமாகும்.

7. முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவதாக, எரிபொருள் இருப்பும் அந்நியச் செலாவணி இருப்பும் ஒரே கணக்கேட்டில் நோக்கப்படல் வேண்டும். எந்த அளவில் எந்நடவடிக்கை தொடங்கும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டு, பகிரங்கமாக்கப்படல் வேண்டும். இருப்பை மறைப்பதாற் பதற்றம் தடுக்கப்படும் என்னும் வாதத்தை 2022 பொய்யாக்கிவிட்டது. மறைக்கப்பட்ட எண்ணைவிட வதந்தியின் எண் எப்போதும் பெரியது.

இரண்டாவதாக, முன்னுரிமைப் பட்டியல்கள் அமைச்சின் அறையில் மட்டும் தயாரிக்கப்படலாகாது. எந்த வீட்டில் நோயாளி உள்ளார், எந்தத் துறையில் எத்தனை படகுகள் உள்ளன, எந்தத் தோட்டத்தில் எத்தனை லயன்கள் இருளில் உள்ளன என்பதை கிராம அலுவலரும், கூட்டுறவுச் சங்கமும், கடற்றொழிலாளர் சங்கமும், தொழிற்சங்கமுமே அறிவர். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், ஆழிப்பேரலையின் பின்னர், அனர்த்தங்களை எதிர்கொள்ளும் ஏற்பாடுகளை மாவட்ட மட்டம் வரை கொண்டு சென்றது. வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் உள்ள அதே கவனம் எரிசக்தித் தடைக்கும் அம்மட்டத்திற் கிடைத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, பங்கீட்டின் அலகாக மனிதரும் அவர் பிழைப்பும் கொள்ளப்படல் வேண்டும்.

நாடு முழுவதும் இருளில் மூழ்கியபின் வலையமைப்பை மீண்டும் உயிர்ப்பிக்க வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படாத நீர்மின் நிலையங்களே முதலில் இயக்கப்படுகின்றன. மலையகத்தின் நீரோடைகளிலிருந்தே கொழும்புக்கு மீண்டும் ஒளி செல்கின்றது. அந்நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்துள்ள தோட்டங்களில் வாழ்வோர் நாட்டின் மிக வறிய மக்களுள் அடங்குவர். நெருக்கடியில் முதலில் இயங்கும் நிலையங்கள் எவை என்பதைத் திட்டம் எழுதுவோர் நன்கறிவர். அந்நிலையங்களின் அருகில் வாழ்வோருக்கு ஒளி எப்போது சென்று சேரும் என்பதையும் அதே ஏட்டில் எழுதும்படி கேட்பது ஆய்வாளரதும் முற்போக்குச் சக்திகளதும் கடமையாகும்.